தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் திரும்பி வந்த வருஷம்

எங்கள் பல்கலைக்கழகத்தில், நிர்வாகக் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே வண்டி நிறுத்துகிற சிமெண்டுத் தளத்தில் ஒரு காலத்தில் நின்று, பிறகு அந்தத் தளத்துக்காகவே வெட்டப்பட்டு, துண்டு துண்டாக லாரியில் ஏற்றப்பட்டு, எந்தச் சூளையிலோ எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலும் யார் வயலிலோ உரமாகிப் பல வருஷம் கழிந்துவிட்ட தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், மரத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்பி வந்தது ஓர் ஆனி மாதத்துத் திங்கட்கிழமை என்பதில் எங்களுக்குள் சண்டை கிடையாது. காலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனவர்கள் மதியம் வந்து ஏறி உட்கார்ந்தபோது சீட்டு சுடவில்லை. அவ்வளவுதான். சீட்டு சுடாத சந்தோஷத்தில், ஏன் சுடவில்லை என்று கேட்கத் தோன்றாமல் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மறுநாள் சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒன்றுமில்லை, வெள்ளை வெயில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே, சிமெண்டின் மேல், ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்குக் கிளையும் கிளையின் கிளையும் பிரிந்து, இலை இலையாக அசைந்து, நடுவில் காசு காசாக வெளிச்சம் சிதறி, எங்களுக்கெல்லாம் மறந்தே போயிருந்த அந்த நிழல் கிடந்தது. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கண் கூசியது, குனிந்து பார்த்தவர்களுக்குக் குளுமையாக இருந்தது, அதனால் ஒரு வாரத்துக்குள் நாங்கள் எல்லோரும் குனிந்தே பார்க்கப் பழகிக்கொண்டோம்.

அது பசுமை வளாக வருஷம். புதிதாக வந்த துணைவேந்தர் வந்த கையோடு ஒரு குழு போட்டு, விலங்கியல் பேராசிரியர் கோம்பையாவை அதற்குத் தலைவராக்கியிருந்தார். ஒவ்வொரு துறை வாசலிலும் மக்குகிற குப்பைக்கு ஒரு பச்சை வாளியும் மக்காத குப்பைக்கு ஒரு நீல வாளியும் வைத்தார்கள். நாங்கள் கவனமாகப் பிரித்துப் போட்டோம். சாயங்காலம் வந்த டிராக்டர் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனது. அதையும் கவனமாகப் பார்த்தோம். புதன்கிழமை எல்லோரும் சைக்கிளில் வர வேண்டும் என்றார்கள். சைக்கிள் இல்லாதவர்கள் புதன்கிழமைகளில் விடுப்பு எடுத்தார்கள். காகிதமே கூடாது, எல்லாம் கணினியில்தான் என்றார்கள். அன்றிலிருந்து சிமெண்டுத் தளத்தின் கிழக்கு ஓரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஞானசௌந்தரியின் இயந்திரத்தின் மேல் ஒரு பழைய சேலை போர்த்தப்பட்டு, அதன் மேல் ஒரு நன்னாரி சர்பத் பாட்டில் ஏறி உட்கார்ந்தது.

நிழல் வந்தது அந்தக் கடைக்கு நல்லதாகப் போயிற்று. சேலை போர்த்திய இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சௌந்தரி ஒரு ஸ்டூலையும் எவர்சில்வர் தம்ளர்களையும் நிழலுக்குள் கொண்டுவந்து போட்டு மோரும் சர்பத்தும் விற்றாள். நாங்களும் நிழலுக்குள் வந்து உட்கார்ந்தோம். முதலில் மாணவர்கள், பிறகு குமாஸ்தாக்கள், பிறகு, யாரும் பார்க்காத மாதிரி, பேராசிரியர்கள்.

வளாகத்து மரங்களுக்கெல்லாம் நம்பர் போடும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. தோட்டப் பிரிவு பூதத்தான் வெள்ளைப் பெயிண்டு டப்பாவோடு வேப்ப மரம் வேப்ப மரமாகப் போய்க்கொண்டிருந்தவர், இந்தத் தளத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“சார், இதுக்குப் போடணுமா?”

கோம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “நிழல் இருக்குல்லாவே?”

“இருக்கு சார்.”

“அப்ப மரம் இருக்குன்னுதான அர்த்தம். போடும்.”

“எங்கன போட? அடிமரத்துல போடச் சொல்லுவிய. அடிமரத்துக்கு எங்க போவேன்?”

“அடிமரத்து நிழல்ல போடும்வே. என்னத்துக்கு இந்தக் கேள்வி?”

பூதத்தான் குந்தி உட்கார்ந்து, அடிமரத்தின் நிழல் விழுந்த இடத்தில், சிமெண்டின் மேல், நானூற்றுப் பன்னிரண்டு என்று அழகாக எழுதிவிட்டுப் போனார். மதியம் கோம்பையா சரிபார்க்க வந்தபோது நம்பர் வெயிலில் கிடந்தது, அடிமரம் வேறு பக்கம் போயிருந்தது. பூதத்தானைக் கூப்பிட்டுத் திட்டினார். பூதத்தான் புது இடத்தில் மறுபடி எழுதினார். சாயங்காலம் துணைவேந்தர் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டுத் திட்டினார். இப்படி ஒரு வாரம் ஓடியதில், தளத்தின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரம் வரைக்கும் ஒரே நம்பர் வரிசையாக வளைந்து விழுந்துவிட்டது. பிறகு அதுதான் எங்களுக்குக் கடிகாரம். நிழல் மூன்றாவது நானூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தால் மெஸ் திறந்துவிட்டது என்று அர்த்தம். கடைசிக்கு வந்தால் பேருந்து புறப்படப் போகிறது என்று அர்த்தம். விடுதிப் பெண்கள் போனில்கூட, “ஏட்டி, நாலாவது நம்பருக்கு வந்திரு, லைப்ரரிக்குப் போவோம்” என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தளத்தில் போடுவதற்காக வந்திருந்த சோலார் தகடுகளை முதலில் திட்டப்படி அங்கேயே நிறுத்திப் பார்த்தார்கள். இல்லாத மரத்தின் நிழல் இருக்கிற தகடுகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒரு செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுகிற அளவுக்குத்தான் கரண்டு வந்தது. பிறகு கழற்றி நூலகத்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். வெளியூரிலிருந்து தரம் பார்க்க வந்த குழுவில் ஒரு பெரியவர், வளாகம் முழுக்க நடந்து களைத்து, இந்த நிழலில் வந்து ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்தபோது முகம் பச்சைப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. எங்களுக்கு நல்ல தரம் கிடைத்தது அந்தத் தூக்கத்தால்தான் என்று மெஸ்ஸில் இன்றைக்கும் சொல்வார்கள்.

நிழல் நிழலாக மட்டும் வரவில்லை. ஆனிக் காற்றுக்கு மரம் எப்படி ஆடியதோ அப்படி ஆடியது. மழைக் கறுப்பு கட்டினால் இலைகளை மூடிக்கொண்டது. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும், தூங்குமூஞ்சி மரத்தின் வழக்கப்படி இலை இலையாகக் கூம்பி, அடர்த்தியெல்லாம் போய் வலை மாதிரி ஆயிற்று. காய்கள் விழுகிற பருவத்தில் காய்களின் நிழல் விழுந்தது. அந்தக் காய் மிதிபட்டால் செருப்பில் பசை மாதிரி ஒட்டும் என்று தெரிந்த பழைய ஆட்கள், ஒன்றுமே இல்லாத சிமெண்டின் மேல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். புதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பழைய ஆட்கள் நிறைய வந்தார்கள். ஓய்வு பெற்றுப் போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு டவுன் பஸ் பிடித்து வந்து, எந்தக் கிளைக்குக் கீழே உட்கார்ந்து சீட்டாடினார்களோ அந்தக் கிளையின் நிழலைத் தேடி உட்கார்ந்தார்கள். சென்னையிலும் துபாயிலும் இருந்தவர்கள் லீவு போட்டு வந்து, “இங்கனதான் உங்க அம்மா எங்கூடப் பேசமாட்டேன்னு சொன்னா” என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்; அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, “அங்கன இல்ல, அந்தக் கவைக்குக் கீழ” என்று திருத்தினாள். ஆய்வேடு தள்ளுபடியாகி அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதவர் இப்போது வேறொரு கல்லூரியில் முதல்வர்; அவரும் வந்து அதே இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஒரு மோர் குடித்துவிட்டுப் போனார். மரம் வெட்டப்பட்ட அன்றைக்கு நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம் என்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, ஆனால் நிழல் அதைப் பற்றிக் கேட்கவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது, நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சௌந்தரி மட்டும் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பாள். முதலில் இதைக் கவனித்தது தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த முப்பிடாதிதான். அவள் வெளிச்சத்தை அளக்கிற சின்னக் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிழலுக்குள் காலையும் மாலையும் அலைவாள். இந்த நிழலைப் பற்றியே ஆய்வேடு எழுதுகிறேன் என்று தன் நெறியாளரிடம் கேட்டு, மாதிரிக்கு ஓர் இலையாவது கொண்டுவா என்று அவர் விரட்டியதிலிருந்து ஒரு வீம்பில் அளந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா, ஆளுங்களுக்கு மோரு ஊத்தாம நிழலையே பாத்துக்கிட்டிருக்கிய?”

“அடிமரத்துப் பக்கத்துல பாரு. என்ன தெரியுது?”

வெயில் சாய்ந்து கிளைகளுக்குக் கீழே புகுந்து வருகிற நேரம். அடிமரத்தின் நிழல் கிழக்கே நீண்டு கடைப் படி வரைக்கும் வந்திருந்தது. அதில் சாய்ந்தபடி இன்னொரு நிழல்: இரண்டு சக்கரம், கம்பிகள், கேரியர், இடது பக்கமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்ட ஹாண்டில்பார்.

“சைக்கிளா?”

“எங்க வீட்டுக்காரரு சைக்கிளு. ஹாண்டில் கோணிக் கெடக்கு பாத்தியா? பாலத்துல விழுந்து வளஞ்சது. சரி பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாயி வலிச்சதுதான் மிச்சம்.”

அவள் கணவர் அருமைநாயகம் பல்கலைக்கழகத்தின் தண்ணீர்ப் பிரிவில் இருந்தவர். காலையில் வந்ததும் சைக்கிளை அந்த மரத்தில் சாய்த்துவிட்டு, வளாகம் முழுக்க நடந்தே போய் விடுதிக்கு, ஆய்வுக்கூடத்துக்கு, தோட்டத்துக்கு என்று வால்வு வால்வாகத் திறந்து மூடுவார். மரம் வெட்டப்பட்டதற்கு முந்தின வருஷம், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிளைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான்.

முப்பிடாதி தயங்கிக் கேட்டாள். “வண்டி வந்திருக்கு. அப்ப அண்ணாச்சியும்...”

“அவரு வரமாட்டாரு. அதெல்லாம் எனக்குத் தெரியும் ஏட்டி.” சௌந்தரி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். “வண்டி நிக்கின்னா ஆளு இங்கனதான் எங்கயோ வால்வு தொறந்துக்கிட்டு கெடக்காருன்னு அர்த்தம். அந்தக் காலத்துலயும் அப்படித்தான். பகல்ல ஒரு தடவை மூஞ்சியக் காட்டமாட்டாரு. வண்டியப் பாத்துட்டு நான் பாட்டுக்கு என் வேலையப் பாப்பேன். எனக்கு அது போதும்.”

அதற்குப் பிறகு சாயங்காலத்தில் அந்த இடத்தில் யாரும் வண்டி நிறுத்தவில்லை. யாரும் சொல்லிச் செய்ததில்லை. துணைவேந்தரின் டிரைவர்கூடக் காரைத் தள்ளிக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினார்.

ஐப்பசி மழையோடு மரம் நடு விழா வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் மரம் நடு விழா உண்டு, வருஷா வருஷம் ஒரே குழிகளும் உண்டு. போன வருஷம் நட்டது காய்ந்துவிடுவதால் அதே குழியில் இந்த வருஷமும் நட முடிகிறது, தோண்டுகிற வேலை மிச்சம். பூதத்தான் பழைய குழிகளைத் தூர் எடுத்துக்கொண்டிருந்தபோது, சௌந்தரி ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோம்பையா முன்னால் போய் நின்றாள். டப்பாவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கன்று. ரயில் நிலையத்து மரத்தடியில் காய் பொறுக்கி அவளே முளைக்க வைத்தது.

“தூங்குமூஞ்சியாம்மா? அது நம்ம நாட்டு மரமில்ல. நாட்டு மரம் மட்டும்தான் நடணும்னு குழுவுல முடிவு பண்ணியிருக்கு.”

“நிழலுக்கு நம்பரு போட்டியள சார், அப்ப உள்ளூரா வெளியூரான்னு கேட்டியளா?”

கோம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்த மாதிரி இருந்தது. “சரி, எங்க வைக்கப் போற?”

“அதோட எடத்துலதான். நிழலு வந்து இத்தன மாசமா தரையில கெடக்கு. உடம்பு கெடைக்காமத்தான கெடக்கு? ஒரு உடம்பக் குடுப்போம் சார்.”

அடிமரம் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காலையும் மாலையும் நிழல் எந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு சுற்றியதோ அதுதான். பூதத்தான் கடப்பாரையால் சிமெண்டை உடைத்தார். உள்ளே மண் கறுத்து, பொலபொலவென்று, வேர்கள் மக்கிப்போன வழியெல்லாம் வளை வளையாக இருந்தது. துணைவேந்தர் விழா மேடையில் ஒரு புங்கங்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், பத்துப் பேர் சுற்றி நிற்க, சௌந்தரி தன் கன்றை அந்தக் குழியில் இறக்கி, மோர்த் தம்ளர் கழுவிய தண்ணீரை ஊற்றினாள்.

கன்று வேர் பிடித்தது. ஆனால் வளரவில்லை. கார்த்திகை போய், மார்கழி போய், நூல் மாதிரித் தண்டு வெளுத்து, கூட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிறவனைப் போல ஒரு பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதைவிடக் கஷ்டம், அது விழிக்கவே இல்லை. வெளிச்சம் குறைந்தால் இலையைக் கூப்பித் தூங்குகிற சாதி அல்லவா. பெரிய மரத்தின் நிழலுக்குள் நட்ட நடுப்பகலும் அதற்குச் சாயங்காலமாகத்தான் தெரிந்தது. நாள் முழுக்க இலையை மூடிக்கொண்டு தூங்கியது. தன் நிழலுக்குள்ளேயே தான் தூங்கியது என்றும் சொல்லலாம்.

பொங்கல் விடுமுறைக்கு வளாகம் காலியாயிற்று. எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது நிழல் வெளிறிக் கிடந்தது, இரண்டாம் தடவை வடிகட்டின டீ மாதிரி. கன்றில் ஒரேயோர் இலை விரிந்திருந்தது. நாங்கள் பழையபடி வந்து உட்கார்ந்தோம். ஊர்க் கதை, கரும்பு, மாட்டுப் பொங்கல் என்று பேச்சுப் போகப் போக நிழல் மறுபடி கறுத்தது. இலை மறுபடி மூடிக்கொண்டது. முப்பிடாதி கருவியை நீட்டி அளந்துவிட்டுச் சொன்னாள்.

“நாம உக்கார உக்காரத்தான் அது கறுக்குது. யாரும் உக்காரலன்னா அது போயிரும்.”

“போனா போவுது, கன்னைப் பிடுங்கி வேற எடத்துல வையுங்கடே” என்றார் ஓய்வு பெற்ற ஒருவர், சீட்டைக் கலைத்தபடியே.

“பிடுங்குனா செத்துரும் அண்ணாச்சி” என்றார் கோம்பையா. “வேரு பழைய வேரு போன வழியாவே ஆழத்துக்கு இறங்கிருச்சு.”

“அப்ப கன்னுக்காக நிழல விடச் சொல்லுதீரா? இது எப்ப மரமாகி, எப்ப நிழலு தந்து? நான் இருக்கப்போறேனா?”

“நான்கூடத்தான் இருக்கமாட்டேன்.”

நிழலை விட்டு எழுந்திருப்பதா வேண்டாமா என்று பேச நிழலிலேயே கூட்டம் போட்டோம். பேசி முடிப்பதற்குள் அது முன்னைவிடக் கறுத்துவிட்டது. ஒரு முடிவும் வரவில்லை. எல்லோரும் சௌந்தரியைப் பார்த்தார்கள், ஏனென்றால் கன்றும் அவளுடையது, சைக்கிளும் அவளுடையது. அவள் யாரையும் பார்க்காமல் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.

முதல் வருஷத்துப் பிள்ளை ஒருத்தி, சர்பத் வாங்க வந்தவள், சிமெண்டின் மேல் மொட்டும் பூவுமாகச் சிதறிக் கிடந்த நிழலைக் காட்டிக் கேட்டாள். “அக்கா, இந்தப் பூவு என்ன கலரு?”

“ரோசு” என்றாள் சௌந்தரி.

“வெள்ளைல்லா?” என்றார் பூதத்தான்.

“அடியில வெள்ள, நுனியில ரோசு.”

“தலைகீழா இருக்கும். நுனியிலதான் வெள்ள.”

சீட்டாடியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் மஞ்சள் என்றே சொன்னார். இருபது வருஷம் அந்தப் பூ தலையில் உதிர உதிர உட்கார்ந்திருந்தவர்கள். ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். கீழே கிடந்த பூக்கள் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தன. அந்தப் பிள்ளை, “சரி விடுங்கக்கா, பூத்தா பாத்துக்கிடுவோம்” என்று கன்றைக் காட்டிச் சொல்லிவிட்டு, சர்பத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். சௌந்தரி அந்தத் தம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் எங்களுக்கு மோர் ஊற்றமாட்டேன் என்றாள். வெயிலில் போய் நின்று குடிப்பவர்களுக்கு மட்டும்தான் மோர். நிழலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, “எந்திரிங்க, எந்திரிங்க, இது என்ன சத்திரமா?” என்று ஈரத் துணியை உதறினாள். முதலில் விடுதிப் பெண்கள் எழுந்தார்கள், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு தளத்தின் ஓரத்தில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பிறகு குமாஸ்தாக்கள் கோப்பு அட்டையைத் தலைக்குப் பிடித்தபடி எழுந்தார்கள். பேராசிரியர்கள், உட்கார்ந்தபோது யாரும் பார்க்காத மாதிரி உட்கார்ந்ததைப் போலவே, யாரும் பார்க்காத மாதிரி எழுந்து போனார்கள். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோபித்துக்கொண்டு சில நாள் வராமல் இருந்தார்கள். பிறகு கோபத்தோடு வெயிலில் உட்கார, தொப்பியும் துண்டுமாக, வந்தார்கள். மாசி வெயில். எங்கள் ஊர் மாசி வெயிலைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மண்டை கொதிக்க நின்று, மோரைக் குடித்துக்கொண்டு, எதிரே காலியாகக் கிடக்கிற குளுகுளு நிழலை, கல்யாண வீட்டு வாசலில் அழைப்பில்லாமல் நிற்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிழல் கிளை கிளையாகப் போயிற்று. முதலில் வடக்குப் பக்கத்து நுனிகள். பிறகு ஒரு காக்காய்க் கூடும் அதைத் தாங்கிய கவையும். பிறகு எந்தக் கிளைக்குக் கீழே யார் யாரிடம் பேசமாட்டேன் என்று சொன்னாளோ அந்தக் கிளை. போகிற கிளையைப் பார்த்து எங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் அழுதோம், ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. சிமெண்டில் நம்பர்கள் மட்டும் வெயிலில் காய்ந்தன. மணி பார்க்க மறுபடி கைக் கடிகாரம் கட்டிக்கொண்டோம்.

கடைசியில் அடிமரமும் ஒரே ஒரு கிளையும் மிஞ்சின. அதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். எங்களை எல்லாம் வெயிலுக்கு விரட்டிய சௌந்தரி, தன்னுடைய ஸ்டூலை மட்டும் நகர்த்தவில்லை. அந்த ஒற்றைக் கிளைக்குக் கீழே உட்கார்ந்து மோர் ஊற்றுவாள். சாயங்காலம் ஆனதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நீண்டு வருகிற சைக்கிளைப் பார்ப்பாள். கன்று மேற்குப் பக்கத்து இலைகளை விரித்துக்கொண்டது, கிழக்குப் பக்கத்து இலைகள் தூங்கின. நாங்கள் யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாகவும் இல்லை. கோம்பையா இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் போய், மோர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார். முப்பிடாதி அளக்கிற கருவியைப் பைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

பங்குனி பிறந்த வாரத்தில், ஒரு சாயங்காலம், வெயில் சாய்ந்து சைக்கிளின் நிழல் கடைப் படியை எட்டுகிற நேரத்தில், சௌந்தரி எழுந்தாள். தம்ளர்களை வாளிக்குள் போட்டாள். வாளியை ஒரு கையிலும் ஸ்டூலை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, நாங்கள் நின்றிருந்த பக்கம் நடந்து வந்து, வெயிலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை நேராக அந்தப் பக்கமே வைத்துக்கொண்டாள். முப்பிடாதி அவள் தோளில் கை வைத்தாள். கையை அவள் தட்டிவிடவில்லை.

கிளை முதலில் போயிற்று. அடிமரம் மெலிந்து மெலிந்து, ஒரு கம்பம் அளவுக்கு, ஒரு கயிறு அளவுக்கு ஆயிற்று. சாய்ந்துகொள்ள மரம் இல்லாமல் சைக்கிளின் நிழல் விழுந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அது விழவில்லை. நிமிர்ந்தது. கோணிய ஹாண்டில்பார் கொஞ்சம் திரும்பியது. ஆள் நிழல் ஏதும் இல்லை. இருந்தாலும் பெடல் ஒன்று கீழே அழுந்தி, சக்கரங்கள் சுற்றி, அது தளத்தின் மேல் மெதுவாக, ஒரு நாள் முழுக்க வளாகத்தைச் சுற்றி நடந்து களைத்தவர் மிதிப்பது போல, நம்பர்களின் மேல் ஏறி இறங்கி, கடைப் படியோரமாக வளைந்து, நூலகத்துச் சுவரில் ஏறி ஒரு கணம் நேராக நின்று, அந்தப் பக்கம் ரோட்டுக்கு இறங்கிப் போயிற்று.

சௌந்தரி அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ட்யூட்டி முடிஞ்சிட்டு போல” என்றாள்.

அன்றைக்கு யாரும் பேருந்தைப் பிடிக்க ஓடவில்லை. அந்தப் பேருந்தும் புறப்படாமல் நின்றது.

மறுநாள் உச்சிப் பொழுதில், பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொள்ளாமலே நாங்கள் எல்லோரும் தளத்துக்கு வந்திருந்தோம். அப்படியொரு வெயிலை அந்த இடம் பார்த்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. சிமெண்டிலிருந்து ஆவி நெளிந்து எழும்பியது. நடுவில், உடைத்த குழிக்குள், கன்று அத்தனை இலைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. இலைகள் நாங்கள் நினைத்ததைவிடப் பச்சையாக இருந்தன. ஆனால் தண்டு இன்னும் நூல்தான், வெயில் தாங்காமல் நுனி லேசாகத் துவண்டது. கோம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. தன் தலைக்குப் பிடித்திருந்த குடையை, தன்னை அறியாமலே, சாய்த்துக் கன்றின் மேல் பிடித்தார். விரிந்திருந்த இலைகளில் ஒன்று உடனே மூடத் தொடங்கியது.

சௌந்தரி மோர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“குடைய அந்தப் பக்கம் எடுங்க சார்” என்றாள். “வெயிலு படட்டும்.”